மீன்கடையில் பால் பொங்கியது

தென் லண்டனில், ஸ்ட்ரெதமிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் வரும் ஓல்ட்மியர் என்ற இடத்தின் கவுன்சிலில் ஒரு பிரிவு இருந்தது. 'வெறுமையாய்க் கிடக்கும் கட்டிடங்களைச் சமூக நன்மை கருதிப் பயனுள்ள பாவனைக்கு மீட்டெடுக்கும் பிரிவு' என்பது அதன் பெயர். பாவனை என்றால் எங்கள் பக்கத்தில் உபயோகம். இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பெயர்ப்பலகைக்கு ஒரு கதவின் அகலம் போதாமல் பக்கத்துக் கதவிலும் தொடர்ந்து எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கதவு கழிவறை. 'பயனுள்ள பாவனைக்கு' என்ற சொற்கள் அங்கேதான் போய் விழுந்தன. அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போன கதவு அது ஒன்றுதான்.

செல்வமலருக்கு 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை இந்தப் பிரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் நிம்மதியாக இருந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுடைய கணவர் குலசேகரம் அதற்கு விட்டால்தானே! யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டு வந்த மனிதர். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் நின்றாலும் ஒரு சங்கம் இல்லாமல் அவருக்கு மூச்சு வராது. ஓல்ட்மியர் தமிழர் நலன்புரிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கித் தானே தலைவருமானார். ஊரிலிருந்து புதிதாக வந்து, வேலைசெய்ய அனுமதியும் இல்லாமல், போயிருக்க ஓர் இடமும் இல்லாமல் அலைகிறவர்களுக்குப் புதன்கிழமை மத்தியானம் சோறு போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? ஆனால் சங்கத்துக்குக் கட்டிடம் கிடையாது. ஆகவே சங்கம் செல்வமலரின் ஹோலில் நடந்தது.

இரண்டாம் மாடி வீடு. புதன்கிழமைகளில் இருபத்திமூன்று பேர் வருவார்கள். சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் நுழைய நம்முடைய ஆட்களுக்கு மனம் வராது. ஆகவே நாற்பத்தாறு சப்பாத்துகள் படிக்கட்டில் மேலிருந்து கீழாக இறங்கி நிற்கும். கீழ்வீட்டு மிஸிஸ் டாட் ஒருநாள் அதில் பதினோராம் நம்பர் சைஸ் சப்பாத்து ஒன்றில் காலை வைத்து, ஆறு படி சறுக்கி, எழும்பி, நேரே போய் வீட்டுச் சொந்தக்காரருக்கு டெலிபோன் எடுத்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. மார்ச் 31ஆம் திகதிக்குப் பிறகு இந்த வீட்டில் கூட்டம் கூடினால், படியில் இரண்டு சோடிக்கு மேல் சப்பாத்து நின்றால், நீங்கள் வெளியே.

செல்வமலர் கடிதத்தைக் கணவர் முன்னால் வைத்தாள். இந்த வீட்டை எடுக்க அவர்கள் இருவரும் மூன்று வருடம் யாரோ ஒருவரின் வீட்டுப் பின்னறையில், இன்னொரு குடும்பத்துக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு திரையைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"இஞ்சேருங்கோ, புதன்கிழமையை நிப்பாட்டுங்கோ," என்றாள்.

"நிப்பாட்டவோ? அப்ப அந்தச் சனம் எங்கை போய்ச் சாப்பிடுறது?"

"நாங்கள் எங்கை போய்ப் படுக்கிறது?"

உண்மையைச் சொன்னால் செல்வமலருக்கும் நிறுத்த மனமில்லை. அடுத்த புதன்கிழமை ஒருவன் இரண்டாம் முறை சோறு கேட்க வெட்கப்பட்டுச் சோற்றுக் கோப்பையை வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பேச்சையே எடுத்திருக்கக்கூடாது என்று அவளுக்கு அழுகை வந்தது. சோறும் நிற்கக்கூடாது, வீடும் போகக்கூடாது. வேறு ஒரு இடம் வேண்டும்.

இடம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு மீன்கடை. செல்வமலர் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சுவர் முழுக்க வெள்ளை ரைல்ஸ். நீளமான மாபிள் பலகை. குளிக்கக்கூடிய அளவில் இரண்டு சிங்க். தண்ணீர் ஓட நிலத்தில் வாய்க்கால். அடடா, சமைக்கவும் கழுவவும் இருபத்திமூன்று பேரைப் பந்தியில் இருத்தவும் இதைவிட என்ன வேண்டும்? கதவில் ஒட்டியிருந்த அறிவித்தல், இது கவுன்சிலின் சொத்து, மேற்படி நீளப் பெயர் கொண்ட பிரிவுக்கு விண்ணப்பிக்கவும் என்றது.

குலசேகரம் துள்ளி எழும்பினார். "உது என்ரை வேலை, செல்வம். கச்சேரியிலை நான் பாக்காத பைலோ?"

முதல் நாள் போனவர் நாற்பது பக்கப் படிவத்தோடு வந்தார். இரண்டாம் நாள், அந்தப் படிவத்தைப் பெறுவதற்கு விண்ணப்பிக்கும் படிவத்தை முதலில் நிரப்பவில்லை என்பதற்காகத் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் வந்தபோது அவர் முகத்தில் பக்தி இருந்தது.

"செல்வம், இவங்கள் பெரிய ஆக்களப்பா. எங்கடை கச்சேரி இவங்களுக்கு முன்னாலை ஒரு நேர்சரி. ஒரு கடிதத்துக்கு ஆறு நகல், ஆறையும் ஆறு மேசையிலை வைச்சு ஆறு பேர் வாசிக்கிறாங்கள். வாசிச்சுப்போட்டு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. என்ன ஒழுங்கு!"

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை பத்தரை முதல் பதினொரு மணிவரை கட்டிடத்தைப் பார்வையிடலாம். பார்வையிட மட்டும். அலுவலர் ஒருவர் சாவியோடு வருவார்.

'பார்வையிட மட்டும்' என்ற சொற்களைக் குலசேகரம் வாசிக்காமல் இல்லை. வாசித்தார். ஆனால் சாவி கதவில் போடப்படும் நாள் என்று ஒன்று தெரிந்துவிட்டால், நம்மவர்களுக்கு அடுத்ததாக ஐயருக்கு டெலிபோன் எடுக்கத்தான் கை போகும். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அதே வியாழக்கிழமை பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பத்தெட்டு வரை அருமையான நேரம், அதை விட்டால் தை மாதம்தான் என்றார்.

"தை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலுமே? பாலைக் காய்ச்சிப்போடுவம்," என்றார் குலசேகரம்.

"இன்னும் தரவே இல்லை, பாக்கத்தானே விடுகினம்?"

"நீர் சும்மா இரும். பால் பொங்கினால் இடம் எங்களுக்குத்தான்."

செல்வமலர் சும்மா இருந்தாள். சும்மாவும் இருக்கவில்லை, பானையைப் புளி போட்டு மினுக்கினாள். அவளுக்கும் உள்ளுக்குள்ளே அந்த நம்பிக்கைதான்.

சாவியோடு வந்த அலுவலர் தர்மலிங்கம். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்தும் போகாமல், கவுன்சிலில் நிரந்தர உத்தியோகம் பார்த்த மலேசியத் தமிழர். கையில் குறிப்புப் புத்தகம், கழுத்தில் அடையாள அட்டை. அவர் கதவைத் திறந்து மின்சாரப் பெட்டியைத் தேடிப் பின்பக்கம் போன இடைவெளியில் மாபிள் பலகையில் மண்ணெண்ணெய் அடுப்பு ஏறிவிட்டது. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழியவேண்டும். கிழக்கு எது? நவம்பர் மாதத்து லண்டன் வானத்தில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தவர் யார்? குலசேகரம் வெளியே ஓடிப்போய், பஸ் நிறுத்தத்தில் நின்ற வெள்ளைக்கார மூதாட்டியிடம் சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டார்.

"ஸ்பெயினில், மகனே," என்றாள் அவள்.

அதற்குள் பால் தன்பாட்டில் ஒரு பக்கத்தைத் தீர்மானித்துக்கொண்டு பொங்கியது. பத்து நாற்பத்தேழு. நுரை எழும்பி, பானையின் விளிம்பைத் தாண்டி, மாபிளில் ஓடி, மீன் கழுவிய தண்ணீருக்கென்று வெட்டிய வாய்க்கால் வழியாகப் பவ்வியமாக இறங்கிப் போனது. செல்வமலருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பின்னாலிருந்து வந்த தர்மலிங்கம் தன்னை மறந்து கைகூப்பிவிட்டார்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான்க்கா காய்ச்சுவோம். பாத்து எத்தன வருசமாச்சு!"

அவளிடமிருந்து ஒரு பேணியில் சர்க்கரை போட்ட பாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் தான் அலுவலர் என்பது அவருக்கு நினைவு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தில், கண்டதைக் கண்டபடி எழுதினார். அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை. எழுதச் சொல்லித்தான் சம்பளம்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி மீன்கடையில் நவம்பர் 17ஆம் திகதி காலை 10.47க்குப் பயனுள்ள பாவனை நிகழ்ந்தமை எமது அலுவலரால் நேரில் அவதானிக்கப்பட்டுள்ளது. சமூக நன்மையும் ஒரு பேணி அளவில் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆகவே இக்கட்டிடம் இனி வெற்றுக் கட்டிடமல்ல. வெற்றுக் கட்டிடங்கள் மட்டுமே விண்ணப்பதாரர்களுக்கு வழங்கப்படும் என்பதால், உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

குலசேகரம் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு, "பிழை கண்டுபிடிக்க ஏலாது," என்றார் மரியாதையோடு. செல்வமலர் கோட்டை எடுத்து மாட்டினாள். இனி இந்த மனிதரை அனுப்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரிவின் தலைவர் மிஸ்டர் ப்ளென்கின் அவளை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை, கூட்டத் தேவையும் இருக்கவில்லை.

"மேடம், இந்தப் பிரிவு தொடங்கியபோது நாங்கள் இரண்டே பேர். ஊரில் நாற்பது வெற்றுக் கட்டிடங்கள். இன்று நாங்கள் முப்பத்திநான்கு பேர். வெற்றுக் கட்டிடங்கள் நானூற்றிப் பன்னிரண்டு. பதினொரு வருடத்தில் பத்து மடங்கு! வேறெந்தப் பிரிவாவது இப்படி ஒரு வளர்ச்சியைக் காட்டட்டும் பார்க்கலாம்."

"அதிலை எத்தினையைச் சனத்துக்குக் குடுத்தனீங்கள்?" செல்வமலர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவசரம் கூடாது, மேடம். கட்டிடத்தைக் கொடுத்தால் மக்கள் உள்ளே போவார்கள். போனால் நடப்பார்கள். நடந்தால் நிலம் தேயும். நூலகங்களில் இந்தக் கொடுமையை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். யாருமே போகாத கட்டிடத்தில் யாராலும் ஒரு பழுதும் வருவதில்லை."

"மீன்கடைக் கூரையிலை மரம் முளைச்சிருக்கே?"

"அது பூங்காப் பிரிவின் பொறுப்பு."

"சரி. இப்ப மீன்கடையைத் திருப்பி வெறுமையாக்கிப்போட்டுத் தாருங்கோவன்."

ப்ளென்கின் கதிரையை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். அதில்தான் சிக்கல் என்றார். பதினொரு ஆண்டறிக்கைகளில் 'மீட்டெடுத்தவை' என்ற இடத்தில் பூச்சியம் இருந்தது. இந்த ஆண்டு தர்மலிங்கத்தின் குறிப்பினால் அங்கே 'ஒன்று' என்று விழுந்துவிட்டது. அதைக் கண்ட கவுன்சிலர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் செய்தி போய்விட்டது. இனி அதை அழிக்க முடியாது. அழிக்காமல் இருக்கவேண்டுமென்றால் பாவனை தொடரவேண்டும்.

"என்ன பாவனை?"

"பதிவிலுள்ள பாவனைதான். வியாழன் காலை பத்து நாற்பத்தேழுக்குப் பால் காய்ச்சுதல்."

செல்வமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள். ப்ளென்கின் சிரிக்கவில்லை. மார்ச் வரை ஒழுங்காகக் காய்ச்சினால் 'நிலைபெற்ற பாவனையாளர்' என்ற தகுதி கிடைக்கும், அதன் பிறகு பாவனையை விரிவாக்க விண்ணப்பிக்கலாம் என்றார். மார்ச் என்றதும் அவளுடைய சிரிப்பு நின்றது. வீடு போகிற மாதமல்லவா அது? ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்றுமுதல் வியாழன்தோறும் அவள் பாலும் அடுப்புமாகத் தெருவைக் கடந்தாள். கதவைத் திறக்கத் தர்மலிங்கம். நேரம் பார்க்க மணிக்கூடும் கையுமாக மிஸ் ட்ராப் என்ற மேற்பார்வையாளர். பால் பொங்குவதைப் பார்க்க ஒருவர், வழிவதைப் பார்க்க இன்னொருவர். சமூக நன்மையைக் குடித்து உறுதிசெய்ய இருவர். மூன்றாம் கிழமை சமூக நன்மைக்கு இஞ்சியும் தேயிலையும் சேர்க்கலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டு வந்தது. ஐந்தாம் கிழமை பெரிய அவமானமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் வீடு நடத்திய பெண், பால் எழும்பக் கண்டதும் கை தன்னால் போய் அடுப்பைத் தணித்துவிட்டது! பால் அடங்கி இருந்துவிட்டது. மிஸ் ட்ராப் மணிக்கூட்டை நிறுத்தி, 'வழியவில்லை' என்று எழுதி, செல்வமலரிடம் விளக்கக் கடிதம் கேட்டாள். குலசேகரம் அன்றிரவே பத்திக்குப் பத்தி இலக்கமிட்டு ஒன்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோசம்.

இவ்வளவுக்கும் புதன்கிழமைச் சாப்பாடு பழையபடி ஹோலில்தான். செல்வமலர் படியில் நின்று சப்பாத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் குளியல் தொட்டிக்குள் அடுக்கினாள்.

"இருபத்திமூண்டு பேரையும் மீன்கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து சமூக நன்மையைக் குடிக்கவிட்டால் என்ன?" என்று தர்மலிங்கத்திடம் கேட்டாள்.

"முடியாதுக்கா. எட்டுப் பேருக்கு மேல நின்னா ரெண்டாவது வாசல் வேணும். நான் என்னா செய்றது, ரூல்ஸ் அப்படி இருக்கு லா."

"அப்ப எட்டெட்டுப் பேராய்?"

"எட்டுல ஆறு பேர் நாங்கதானேக்கா."

மார்ச் வந்தது. நிலைபெற்ற பாவனையாளர் என்ற சான்றிதழும் வந்தது. செல்வமலர் உடனே விரிவாக்க விண்ணப்பத்தைப் போட்டாள். பால் காய்ச்சுவதிலிருந்து சோறு காய்ச்சுவதற்கு. பிரிவில் இதை ஆராய ஒரு விசேட குழு கூடியது. செல்வமலரையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டும் கொதித்தல் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று நாலு பேர் வாதாடினார்கள். ப்ளென்கின்கூட இளகிவிட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. மிஸ் ட்ராப் எழுந்து கேட்டாள்.

"உங்கள் சோறும் பொங்கி வழியுமா?"

தர்மலிங்கம் மேசைக்குக் கீழே கையைக் காட்டினார். ஓம் என்று சொல்லக்கா, சொல்லித் தொலையக்கா என்று அவர் கண் கெஞ்சியது. ஓம் என்றால் கடை கிடைக்கும், வீடும் தப்பும். செல்வமலருக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் முப்பது வருடமாகச் சோறு ஆக்கிய ஒருத்தியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், அப்படி ஒரு கேள்வியைக் கேட்டால்?

"என்னட்டையோ கேக்கிறியள்?" என்றாள். "நான் ஆக்கினால் ஒருநாளும் வழியாது!"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு பாவனைகளுக்கும் இடையில் அடிப்படை ஒற்றுமை இல்லை.

பஸ்சில் வரும்போது தன் வாயிலேயே இரண்டு போடவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஏப்ரல் 5ஆம் திகதி, புதன்கிழமை. காலையிலேயே வீட்டுக்காரர் வந்து படிக்கட்டின் அடியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மேலே சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி எல்லாம் தயார். வெளியே வாசலில் இருபத்திமூன்று பேரும் வந்து நின்றார்கள். குலசேகரம் ஜன்னலால் பார்த்துவிட்டு வியர்த்தார்.

"என்ன செய்யிறது, செல்வம்?"

செல்வமலர் பானைகளைத் துணியால் கட்டி, சாமான் வாங்கப் போகும் இரண்டு சில்லுத் தள்ளுவண்டிகளில் ஏற்றினாள். கோபத்தில் அவளுக்குக் காது சிவந்திருந்தது.

"கவுன்சிலுக்குப் போவம். இந்தச் சனம் அந்த ப்ளென்கின் மூஞ்சைக்கு நேரை வைச்சுச் சாப்பிடட்டும்."

இருபத்தைந்து பேர் பஸ் ஏறினார்கள். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை கத்தரிக்காய் மணத்தது. பிரிவின் வாசலில் போலீஸைக் கூப்பிடுவார்கள், கத்துவார்கள், நாமும் கத்தலாம் என்று செல்வமலர் வழியெல்லாம் ஆங்கிலத்தில் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனாள். ஒன்றும் நடக்கவில்லை. கீழ்த்தளத்தில் காத்திருப்போர் மண்டபம். அறுபது கதிரைகள், நல்ல சூடு, ஒரு ஈ காக்கை கிடையாது. உள்ளே வர அனுமதிக் கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தை உள்ளே வந்துதான் வாங்கவேண்டும் என்பதால் பதினொரு வருடத்தில் அங்கே வந்து காத்திருந்தவர்கள் மிகக் குறைவு. செல்வமலரிடம் சான்றிதழ் இருந்தது. வரவேற்பாளர் அதைப் பார்த்தாள்.

"காத்திருக்க வந்தீர்களா?"

"ஓம்."

"எதற்கு?"

"மீன்கடைக்கு."

"எல்லோருமா?"

"எல்லாரும்தான்."

வரவேற்பாளர் இருபத்தைந்து இலக்கத் துண்டுகளைக் கிழித்துக் கொடுத்தாள். சுவரிலிருந்த அறிவித்தலில் புகைத்தல் கூடாது, நாய் கூடாது என்று இருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி கூடாது என்று இல்லை. செல்வமலர் அகப்பையை எடுத்தாள்.

அவள் பாடமாக்கிய வசனமெல்லாம் வீண். கோபித்து ஒரு வார்த்தை சொல்லக்கூட ஒருவர் இல்லை. அரை மணியில் முதல்மாடியிலிருந்து தர்மலிங்கம் கோப்பையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் மிஸ் ட்ராப், நேரத்தைக் குறித்துக்கொண்டே. கடைசியாக ப்ளென்கின் வந்து, இரண்டு கரண்டி பருப்பைத் தின்றுவிட்டு, "நீங்கள் இன்னும் நீண்ட காலம் காத்திருக்கவேண்டியிருக்கும், மேடம்," என்றார். நம்பிக்கையோடு சொன்னார்.

அடுத்த புதனும் காத்திருந்தார்கள். அதற்கடுத்த புதனும். வீட்டுக்காரர் இரண்டு கிழமை படியடியில் காவலிருந்து, ஒரு சப்பாத்தையும் காணாமல், கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மண்டபத்தில் ஒரு மூலையில் குலசேகரம் படிவம் நிரப்பினார். நிரப்பிய படிவத்தில் சந்தேகமென்றால் மாடிக்குப் போய் ஆறு பேரிடம் கேட்கலாம். இப்படி ஒரு சௌகரியம் அவருக்குக் கச்சேரியிலும் கிடைத்ததில்லை.

செப்டெம்பரில் மத்திய அரசாங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். கத்தரிக்காய் நிறத்தில் கோட்டுப் போட்ட, அதிகம் பேசாத அம்மா. அன்று புதன்கிழமை. ப்ளென்கின் அவரை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, கையை விரித்து, தன் வாழ்நாளின் பேச்சைப் பேசினார்.

"பாருங்கள், மேடம்! பதினொரு வருடம் யாரும் எட்டிப்பார்க்காத இந்த மண்டபத்தை நாங்கள் பயனுள்ள பாவனைக்கு மீட்டெடுத்திருக்கிறோம். இதற்கு நாங்கள் செய்ததெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான். முப்பத்திநான்கு பேரும் ஒருவர்கூடத் தவறாமல் அப்படி இருந்தோம்."

பரிசோதகர் அம்மா சொதி ஊற்றிச் சோறு சாப்பிட்டார். பிறகு மாடிக்கு ஏறினார். முதலாம் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் நின்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒவ்வொருவரும் விபரமாக, ஒளிக்காமல் பதில் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டே போனார்.

அறிக்கை டிசெம்பரில் வந்தது. 'கீழ்த்தளம் பாவனையில் உள்ளது. மேல்மாடிகள் மூன்றும் நீண்டகாலமாக வெறுமையாய்க் கிடக்கின்றன. கட்டிடம் முழுவதையும் தற்போதைய பாவனையாளர்களான ஓல்ட்மியர் தமிழர் நலன்புரிச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம்.' ப்ளென்கின் ஆட்சேபித்துப் பார்த்தார். ஆனால் இந்த ஆண்டறிக்கையில் 'மீட்டெடுத்தவை' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதலாம் என்றதும் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிரிவு மீன்கடைக்கு மாறியது. எட்டுப் பேருக்கு மேல் உள்ளே நிற்கக்கூடாது என்பதால் மிச்சம் இருபத்தாறு பேரும் வாசலில் குடை பிடித்துக்கொண்டு முறை வரும்வரை நின்றார்கள். பஸ்சில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ மலிவாக விற்கிறார்கள் என்று இறங்கி வரிசையில் சேர்ந்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு பெப்ரவரியில் சங்கம் சமையலுக்கு முறை வைத்தது. மேரிறோஸ் என்ற நீர்கொழும்புப் பெண் ஒரு புதன் தன் கையால் சமைப்பதாகச் சொல்லி, "அக்கா, நீங்கள் ஒருநாளைக்கு வீட்டிலை இருங்கோ," என்று செல்வமலரைத் தடுத்துவிட்டாள். குலசேகரம் போய்விட்டார். வீட்டில் ஒருவருமில்லை. படியில் ஒரு சத்தமில்லை. ஹோலின் நடுவில், ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில், செல்வமலர் காலை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். இந்த ஹோல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோசத்தில் கொஞ்சம் அழுகையும் வந்தது.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் தர்மலிங்கமும் மிஸ் ட்ராப்பும். இருவரும் நனைந்திருந்தார்கள்.

"அக்கா, மன்னிச்சுக்கணும்," என்றார் தர்மலிங்கம். "எங்க பதிவுல இந்த ஹோல்ல புதன்கிழம பன்னெண்டுலேந்து மூணு வரைக்கும் இருபத்திமூணு பேர்னு இருக்கு. இப்ப யாருமே வர்றதில்லையாம். வெறுமையா கிடக்குதுன்னு லிஸ்ட்ல ஏறிருச்சு. மீட்டெடுக்கணும்."

செல்வமலர் அவரையும் பார்த்தாள், அவர் கையிலிருந்த படிவத்தையும் பார்த்தாள்.

"வெறுமையாய் இல்லைத் தம்பி. நான் இருக்கிறன்."

"ஆமாக்கா, தெரியுது. ஆனா என்னா பாவனைன்னு எழுதணும்."

"ஒரு பாவனையுமில்லை. சும்மா இருக்கிறன்."

தர்மலிங்கம் மிஸ் ட்ராப்புக்கு மொழிபெயர்த்தார். அவள் படிவத்தின் நாற்பது பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

"இஞ்சை தாங்கோ," என்று செல்வமலர் அவளுடைய பேனையை வாங்கினாள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தில், கோடு கோணாமல் ஒரு கட்டம் கீறினாள். பக்கத்தில் 'செல்வமலர் சும்மா இருக்கிறாள்' என்று தமிழில் எழுதி, கட்டத்துக்குள் ஒரு சரியும் போட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மிஸ் ட்ராப் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

செல்வமலர் கதவைச் சாத்தினாள். மூன்று மணிவரை அவள் ஒருவருக்கும் ஒன்றும் சமைக்கவில்லை.